ரம்மியை விட்டுவிட்டேன் என்கிறார், திரும்பிப் போகலாமா?

கேள்வி இது: கணவர் ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டு ஆறு லட்சம் கடன். சம்பளம் 38,000. எட்டு மாதமாக நீங்கள் யூகேஜி படிக்கும் மகளோடு அம்மா வீட்டில். ஐந்து மாதமாக ஆடவில்லை என்கிறார், மாமியாரும் "வந்துடும்மா" என்று கூப்பிடுகிறார். போகலாமா? அடகில் இருக்கும் நகையை மீட்க அம்மா பணம் தரட்டுமா?

போவதா வேண்டாமா என்பதை இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆட்டம் நின்றதா என்பதை நீங்கள் நேரில் பார்க்க முடியாது. மறைப்பது நின்றதா என்பதைப் பார்க்க முடியும், அதுவும் காகிதத்தில். சேர்ந்த பிறகு பிரிந்துபோன பல குடும்பங்களில் மறுபடி ஆடினார் என்பதைவிட, "இவ்வளவுதான் கடன்" என்று மூன்று முறை சத்தியம் செய்துவிட்டு நான்காவதாக ஒன்று வெளியே வந்ததுதான் பெண்களை உடைத்திருக்கிறது. உண்மை தவணை முறையில் வந்தால் ஒவ்வொரு தவணையும் முதல் அடி மாதிரியே வலிக்கும்.

ஆகவே முதலில் முழுக் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வரச் சொல்லுங்கள். அவர் போனில், அவர் பான் எண்ணைப் போட்டு, உங்கள் எதிரிலேயே கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது அவர் வாங்கிய கடன்களின் பதிவை, இறக்கட்டும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். ஒன்றில் விட்டுப்போனது இன்னொன்றில் இருக்கும் என்பதால் குறைந்தது இரண்டையாவது எடுத்துப் பாருங்கள். லோன் ஆப் பெயர் அதில் இருக்காது, பின்னால் இருக்கும் நிதி நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். கேள்விப்படாத பெயர் வந்தால் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

கடன் பட்டியலைவிட முக்கியமான பகுதி கடைசியில் இருக்கும்: என்கொயரி. எந்தத் தேதியில், எந்த நிறுவனத்தில் கடன் கேட்டார் என்ற வரிசை. கடன் கிடைக்காமல் போயிருந்தாலும் கேட்டது பதிவாகியிருக்கும். "ஐந்து மாதமாக விட்டுவிட்டேன்" என்பவர் இரண்டு மாதத்துக்கு முன்னால் மூன்று இடத்தில் 20,000 கேட்டிருந்தால், எதற்கு என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

ரிப்போர்ட்டில் வராதவையும் உண்டு: அடகுக் கடை, கந்துவட்டி, நண்பர்களிடம் கைமாத்து, முன்கூட்டியே எடுத்த சீட்டுப் பணம், ஆபீஸ் அட்வான்ஸ். பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்தால் நடுவில் எடுத்தது தெரியும். எல்ஐசி பாலிசி மேல் கடன் இருக்கிறதா என்று கிளையில் கேட்கலாம். வருமான வரித் தளத்தில் அவர் பெயரில் ஏஐஎஸ் என்ற அறிக்கை இருக்கும். எந்தெந்த வங்கியில் சேமிப்பு வட்டி வந்தது என்று அதில் இருப்பதால், உங்களுக்குத் தெரியாத கணக்கு பெரும்பாலும் அங்கே சிக்கும். 2023 ஏப்ரலிலிருந்து ஆன்லைன் ஆட்டத்தில் ஜெயித்த நிகரத் தொகைக்கு 30 சதவீதம் வரி பிடித்தார்கள், அதுவும் அதில் இருக்கும்.

உங்கள் பெயரிலும் ஒரு ரிப்போர்ட் எடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் ஆதார், பான் நகல் வீட்டில்தான் இருந்தது, ஓடிபி வந்த போனும் பக்கத்தில்தான் இருந்தது. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். வீட்டில் மீதி இருக்கும் நகையைத் தெரிந்த நகைக்கடையில் எடை போட்டு, உரசிப் பார்க்கச் சொல்லுங்கள். தங்கத்தை எடுத்துவிட்டு அதே டிசைனில் கவரிங் வைப்பது நடக்காத விஷயமில்லை.

வங்கி ஸ்டேட்மென்ட் ஆறு மாதத்துக்கு வேண்டும், வங்கியிலிருந்து நேராக வந்த பிடிஎஃப்பாக. ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். ராத்திரி ஒரு மணிக்கு 500, ஒன்றே காலுக்கு 1,000, ஒன்றரைக்கு 2,000 என்று ஏறிக்கொண்டே போகும் முழு எண்கள் தெரிகிறதா? விட்டதைப் பிடிக்கப் போகிறவரின் தடம் அப்படித்தான் இருக்கும். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடாளுமன்றம் தடை செய்த பிறகு பெரிய ரம்மி ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. வெளிநாட்டுத் தளங்களும் டெலிகிராம் பெட்டிங்கும் நிற்கவில்லை. அவற்றுக்குப் போகும் பணம் கம்பெனி பெயரில் போகாது. முன்பின் தெரியாத தனி ஆட்களின் யுபிஐக்கு, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயருக்குப் போகும்.

இன்னொன்றும் கேளுங்கள்: ரம்மிக்குப் பதில் வேறு எதுவும் வந்திருக்கிறதா? பங்குச் சந்தையில் ஆப்ஷன் டிரேடிங்கை "முதலீடு" என்று சொல்லித் தொடங்குகிறவர்கள் நிறைய. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் இந்த வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே சொல்லியிருக்கிறது. சூதாட்ட நோய் வந்தவருக்கு இது அதே சீட்டுக்கட்டுதான்.

ஆம், நோய்தான். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இது போதை சார்ந்த கோளாறாக இருக்கிறது. மனநல மருத்துவத்தில் மூன்று மாதம் அறிகுறியே இல்லாமல் இருந்தால் தொடக்கநிலைத் தணிவு, பன்னிரண்டு மாதம் தாண்டினால்தான் நிலைத்த தணிவு. உங்கள் கணவரின் ஐந்து மாதம் உண்மையாகவே இருந்தாலும் அவர் பாதி வழியில்தான் நிற்கிறார். கையில் காசே இல்லாமல் கழிந்த ஐந்து மாதமா, சம்பளம் கைக்கு வந்தும் ஆடாத ஐந்து மாதமா என்பதையும் பாருங்கள். இரண்டாவதுக்குத்தான் மதிப்பு அதிகம்.

சிகிச்சை என்றால் கோயிலில் சத்தியம் செய்வது மட்டும் போதாது. நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் சிகிச்சைதான் இதற்கு முதன்மை. மனச்சோர்வோ குடியோ கூடவே இருந்தால் அதற்கு மருந்தும் தேவைப்படும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014-லிருந்தே இணைய அடிமைத்தனத்துக்கென்று தனி கிளினிக் உண்டு. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், குடும்பத்தினரும் கூப்பிடலாம். ஆடியவருக்கு 2025 சட்டத்தில் தண்டனை இல்லை, எனவே டாக்டரிடம் சொல்ல அவர் தயங்க வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டியது ஓபி சீட்டு: எந்தத் தேதியில் போனார், அடுத்து எப்போது வரச் சொன்னார்கள்.

கணக்கெல்லாம் தெளிந்த பிறகு ஒரு பக்கம் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். 38,000-இல் வீட்டுச் செலவு 24,000 என்றால் கடனுக்கு 14,000. வட்டியே இல்லாவிட்டாலும் ஆறு லட்சம் அடைய 43 மாதம். வட்டியோடு நாலரை, ஐந்து வருடம். சேர்வதானால் அந்த ஐந்து வருடத்துக்கும் சேர்த்துத்தான் சம்மதிக்கிறீர்கள். யாராவது ஒரே நேரத்தில் மொத்தத்தையும் அடைத்துவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். அதுதான் மறுபடி விழுவதற்குப் பழகிய வழி. கடன் அடைந்ததும் பழைய ஆப்களிலிருந்தே "உங்களுக்கு 2 லட்சம் தயார்" என்று செய்தி வரும், இன்னொரு முறையும் யாராவது அடைப்பார்கள் என்ற எண்ணமும் வரும். அவர் சம்பாதித்து மாதாமாதம் கட்டட்டும்.

உங்கள் கையெழுத்து எதிலும் வேண்டாம். கூட்டுக் கடன், ஜாமீன், உங்கள் பெயரில் பர்சனல் லோன் வாங்கிப் பழைய கடனை மாற்றுவது, வெற்று செக் எதுவும் வேண்டாம். அவர் பெயரில் மட்டும் இருக்கும் கடனுக்கு மனைவி என்பதால் நீங்கள் பொறுப்பாளி ஆக மாட்டீர்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கடன் வாங்கியவரையே கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. குடும்பத்தாரை மிரட்டவும் கூடாது.

போவது என்று மனம் வந்தால் படிப்படியாகப் போங்கள். முதல் மூன்று மாதம் ஞாயிறு சந்திப்பு, மாதக் கடைசியில் ஸ்டேட்மென்டும் ஓபி சீட்டும். அடுத்து வார இறுதியில் தங்குவது. மகளின் டிசியை நடுவில் வாங்காதீர்கள், ஜூன் வரை இருக்கட்டும். இடையில் ஒரு தீபாவளி போனஸும் ஒரு ஐபிஎல் சீசனும் கடந்துபோனால் நிறைய தெரியும்.

பண ஏற்பாடு: சம்பளம் வந்த அன்றே வாடகை, பள்ளிக் கட்டணம், இஎம்ஐ தானாகப் போகும்படி வையுங்கள். சேமிப்புக்குக் கூட்டுக் கணக்கு என்றால் படிவத்தில் "இருவரும் சேர்ந்து" என்பதைக் குறியுங்கள். "இருவரில் ஒருவர்" என்று குறித்தால் அவர் ஒருவரே காலி செய்யலாம். அவர் கைச்செலவுக்கு யுபிஐ சர்க்கிள் நல்ல வழி. உங்கள் கணக்கிலிருந்து மாதம் 15,000-க்குள் நீங்கள் வைக்கும் வரம்பு வரை அவர் செலவழிக்கலாம், ஒரு முறைக்கு 5,000 வரை. ஒவ்வொன்றுக்கும் நீங்கள் பின் போட்டு அனுமதிக்கும் முறையும் அதில் உண்டு, ஆனால் அது வேண்டாம். 15 ரூபாய் டீக்கு மனைவியின் அனுமதி என்றால் இரண்டு வாரத்தில் சண்டை வந்து ஏற்பாடே கலைந்துவிடும்.

ஒரு முறை வழுக்கினால் எல்லாம் முடிந்தது என்று இப்போதே சொல்லாதீர்கள், அது மறைக்கத்தான் வைக்கும். "24 மணி நேரத்துக்குள் நீங்களே தொகையோடு சொன்னால் பேசுவோம், நானாகக் கண்டுபிடித்தால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன்" என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கை நீட்டியிருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது, போகாதீர்கள். பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் பேசுங்கள். 15100-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழு, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரும். "நீ வரலைன்னா செத்துடுவேன்" என்று சொன்னால் அதை நாடகம் என்று தள்ளாதீர்கள், இந்த நோயில் அந்த ஆபத்து நிஜம். உடனே அவர் வீட்டாருக்குச் சொல்லுங்கள், 14416 அல்லது 108-ஐ அழையுங்கள், தனியாக விடவேண்டாம் என்று சொல்லுங்கள். அவருக்கு அப்போது வேண்டியது டாக்டர். நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது அதற்கு வைத்தியம் ஆகாது.

நகை விஷயம். பிறந்த வீட்டில் உங்களுக்குப் போட்டது ஸ்ரீதனம், சட்டப்படி உங்களுடையது. அதை உங்களைக் கேட்காமல் அடகு வைப்பது 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பொருளாதார வன்முறைக்குள் வரும். எந்த நகை, எத்தனை கிராம், எந்தக் கடையில், என்று வைத்தது என அவர் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அம்மா பணம் தருவதானால் இதற்கு மட்டும் தரட்டும், அவர் கையில் வேண்டாம். அடகு அவர் பெயரில் இருப்பதால் கையெழுத்துப் போட அவர் வர வேண்டியிருக்கும். நீங்களும் அம்மாவும் கூடவே போய், கவுன்டரில் நேராகக் கட்டி, சீட்டில் உள்ள எடையோடு ஒப்பிட்டு வாங்கி, அங்கிருந்து நேரே உங்கள் இருவர் பெயரில் மட்டும் இருக்கும் லாக்கருக்குக் கொண்டுபோங்கள்.