பயிற்சி ஆசிரியராக வகுப்பெடுத்த அனுபவம் எப்படி இருந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தெரிந்துகொள்ள நினைப்பது, பயமாக இருந்ததா, பிள்ளைகள் சொன்னபேச்சு கேட்டார்களா என்பதைத்தான். பயம் இருந்தது, சீக்கிரமே போய்விட்டது. பி.எட். பயிற்சிக் காலம் எனக்குக் கொடுத்த பெரிய விஷயம் வேறு. ஒரு பிள்ளையின் பதில் சரியா தவறா என்று பார்ப்பதோடு நிற்காமல், அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் அங்கேதான் வந்தது.

என் பாடம் கணிதம். ஆறாம் வகுப்புக்குத் தசம எண்கள் எடுத்தேன். பலகையில் 0.25, 0.3 இரண்டையும் எழுதி, எது பெரியது என்று கேட்டேன். பலர் 0.25 என்றார்கள். 3-ஐ விட 25 பெரிது என்பது அவர்கள் கணக்கு. முழு எண்களில் இத்தனை வருடம் கைகொடுத்த விதியை அப்படியே இங்கேயும் கொண்டுவருகிறார்கள். இதை ஏற்கெனவே படித்திருந்ததால் எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். நான் எதிர்பார்க்காதது, சரியான பதில் சொன்ன ஒரு பெண்ணிடமிருந்து வந்தது.

"0.3தான் மிஸ் பெரிசு."

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"புள்ளிக்கு அப்புறம் ஒரு நம்பர்தானே இருக்கு. நிறைய நம்பர் இருந்தா அது சின்னது மிஸ்."

பதில் சரி, காரணம் தவறு. பத்தில் ஒரு பங்கை விட நூறில் ஒரு பங்கு சிறியது என்று முந்தின வகுப்பில் கேட்டிருக்கிறாள். அதை, இலக்கம் கூடினாலே எண் சிறுத்துவிடும் என்று தானாகவே நீட்டிக்கொண்டாள். யோசிக்கிற பிள்ளைதான் இப்படி ஒரு விதியை உண்டாக்கிக்கொள்ள முடியும். அடுத்து 0.35, 0.3 என்று எழுதினேன். அதே விதிப்படி இப்போதும் 0.3தான் பெரியது என்றாள். முதல் கேள்விக்குத் தவறாகச் சொன்னவர்களோ, 35 பெரியது என்பதால் இந்த முறை சரியாகச் சொன்னார்கள். தேர்வில் இரண்டில் ஏதாவது ஒரு கணக்கு மட்டும் வந்தால், ஒரு கூட்டம் முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு அந்தக் குழப்பத்தோடே அடுத்த வகுப்புக்குப் போய்விடும். இதை நினைத்து எனக்கு இப்போதும் கவலை உண்டு.

பிறகு எண்கோடு வரைந்தேன். 0-க்கும் 1-க்கும் நடுவே பத்துப் பாகம், 0.2-க்கும் 0.3-க்கும் நடுவே மறுபடி பத்துப் பாகம். அந்தப் பெண்ணையே கூப்பிட்டு 0.25-ஐக் குறிக்கச் சொன்னேன். சாக்பீஸோடு 0.2-க்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். ஐந்து சிறு கோடுகளை எண்ணிக் குறித்தாள். அதற்குப் பிறகு, நான் சொல்லாமலேயே, 0.3-க்கும் 0.4-க்கும் நடுவில் தானே கோடு கிழித்து 0.35-ஐயும் குறித்தாள். "அப்ப இது 0.3-ஐத் தாண்டிடுச்சே மிஸ்" என்றாள்.

அவள் பலகை முன்னால் பேசாமல் நின்ற நேரத்தில் குறுக்கே பேசாமல் இருப்பது லேசான வேலை இல்லை. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று அவர் கண்டார். அதை 3 நொடிக்கு நீட்டினால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, பதிலே வராமல் போவது குறைகிறது. படிக்கும்போது மூன்று நொடி ஒன்றுமில்லை. முன் பெஞ்சிலிருந்து "மிஸ், மிஸ், நான் சொல்றேன்" என்று கைகள் உயர்ந்துகொண்டே இருக்கும்போது, மௌனமாய் இருக்கும் பிள்ளைக்காக அந்த மூன்று நொடியைக் காப்பாற்றித் தருவது ஆசிரியரின் பொறுப்பு.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிடச் சொன்னவர் என் வழிகாட்டி ஆசிரியர். "எல்லாரும் சேர்ந்து புரிஞ்சுது மிஸ்னுதான் சொல்லுவாங்க. அதுக்குப் பதிலா ஒரு கணக்கு குடும்மா" என்றார். கடைசி ஐந்து நிமிடம் ஒரே ஒரு கணக்கு, துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது. மறுநாள் பாடத்தை எங்கே தொடங்க வேண்டும் என்பதை அந்தச் சீட்டுகள் சொல்லிவிடும். என்னைக் கேட்டால், விடிய விடிய ஒட்டி வெட்டிச் செய்யும் சார்ட்டுகளை விட இது பத்து மடங்கு பயன்.

வகுப்பை அடக்குவது பற்றிச் சுருக்கமாக: அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜேக்கப் கூனின் (Kounin) 1970-இல் எழுதியது எனக்குச் சரியாகவே பட்டது. பிள்ளை சேட்டை செய்தபின் ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்கு முன்பே வகுப்பு முழுவதும் அவர் கண்ணில் இருக்கிறதா, ஒரு வேலையிலிருந்து அடுத்ததுக்கு இடைவெளி விழாமல் கொண்டுபோகிறாரா என்பதுதான் முக்கியம். சத்தம் கிளம்புவது பெரும்பாலும் நோட்டு எடுக்கும் நேரத்திலும் பலகையில் எழுத நாம் திரும்பும் நேரத்திலும்தான்.

இன்னொன்று, சக பயிற்சி ஆசிரியர்களின் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். நாங்கள் வகுப்பின் இருக்கை வரைபடத்தை ஒரு தாளில் போட்டுக்கொண்டு, ஆசிரியர் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைப்போம். யாருடைய வகுப்பானாலும் புள்ளிகள் முன்வரிசையிலும் நடுவிலும் குவிந்துவிடும். பயிற்சியில் மட்டும்தான் இப்படி ஒருவர் வகுப்பில் ஒருவர் உட்காரச் சலுகை கிடைக்கும். வேலையில் சேர்ந்துவிட்டால் இதற்கு யாருக்கும் நேரம் இருக்காது.

பாடத்திட்டம், பதிவேடு, மேற்பார்வையாளர் கையெழுத்து என்று எழுத்து வேலை நிறைய வரும். அதை அன்றன்றே முடித்துவிடுங்கள். எழுதும்போது, "மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்" என்று எல்லாரும் எழுதும் இடத்தில், அன்று ஒரு பிள்ளை சொன்ன காரணம் ஒன்றை அது சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அதே பாடத்துக்குக் கேள்வி தயாரிக்கும்போது முதலில் எடுத்துப் பார்ப்பது அந்த வரிகளைத்தான்.