வான் டைக்கின் காயம் ஒன்றுதான் லிவர்பூல் 2020–21 சீசனில் சரிந்ததற்குக் காரணமா?

வான் டைக் இங்கிலாந்து ஃபுட்பால் டீம் லிவர்பூலின் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவர். அவர் காயம்தான் ஆரம்பம். ஆனால் ஸ்டாப்பர் போனதும் பின்னால் ஓட்டை விழுந்து கோலாக வாங்கினார்கள் என்று நினைத்துக் கேட்கிறீர்கள் என்றால், அது பாதிதான் சரி. நான் மாவட்ட லீக்கில் ஒன்பது வருடம் ஆடியவன். இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

தேதிகளைப் பாருங்கள். 2020 அக்டோபர் 17, எவர்டனின் மைதானம் குடிசன் பார்க். எவர்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்ட் மோதியதில் வான் டைக்கின் முழங்கால் லிகமென்ட் போனது. உடனே விழுந்தார்களா? டிசம்பர் 19இல் கிரிஸ்டல் பேலஸை 7-0 அடித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முதலிடம். சரிவு ஜனவரியில்தான். நவம்பரில் கோமஸ், ஜனவரி கடைசியில் மாட்டிப் என்று மற்ற ஸ்டாப்பர்களும் போக, நடுவில் ஆடும் ஃபபின்ஹோவையும் கேப்டன் ஹெண்டர்சனையும் பின்னுக்கு இழுத்தார்கள். சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் 68 லீக் மேட்ச் தோற்காத டீம், பர்ன்லி டீமிடம் தொடங்கி வரிசையாக ஆறு மேட்ச் அங்கேயே தோற்றது. அந்த ஆறிலும் சேர்த்து அவர்கள் அடித்தது ஒரே கோல், அதுவும் பெனால்டி. கோல் வாங்கியதைவிட அடிக்க முடியாமல் போனதுதான் பெரிய விஷயம்.

இது எனக்கு நடந்தது. ஆறு மேட்ச் மிச்சம், நாங்கள் முதலிடம். மைதானத்தைப் பொருட்காட்சிக்கு விட்டிருந்தார்கள். கம்பம் நட்ட குழிகளில் மேலாக மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். எங்கள் ஸ்டாப்பர் அண்ணன் ஹெட்டிங்குக்கு எகிறி இறங்கிய கால் அதில் போனது. சுள்ளி ஒடிகிற மாதிரி சத்தம், பத்தடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது.

“தம்பி, நீ பின்னால போ. உனக்கு ஹெட்டிங் நல்லா வருது” என்றார் கோச். ஹாஃபில், அதாவது நடுவில், ஆடிக்கொண்டிருந்த நான் போனேன். அடுத்த மூன்று மேட்ச் 0-1, 0-0, 0-1. நடுக்கோட்டருகில் விழுகிற பந்தை எடுக்க ஆளில்லை. அது என் பந்து, மூன்று வருடமாக நான் எடுத்த பந்து. இரண்டு எட்டு முன்னால் வைப்பேன், பின்னால் யாரும் இல்லை என்பது உறைக்கும், நின்றுவிடுவேன். எதிராளி எடுத்துக்கொண்டு வருவான். கடைசியில் நான்காவது இடம். “ஸ்டாப்பர் சொதப்பிட்டான்” என்று இன்றைக்கும் டீக்கடையில் சொல்கிறார்கள். மூன்று மேட்சில் இரண்டே கோல்தானே வாங்கினோம்? முன்னே இருந்தவர்களுக்குப் பந்தே போகவில்லை என்பதை ஒருவரும் பேசுவதில்லை.

அந்த அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுபவர். அண்ணியின் செயினை அடகு வைத்துத்தான் ஆபரேஷன் செய்தார். லீக் நடத்தியவர்களிடமிருந்து ஒரு பைசா வரவில்லை. பரிசளிப்பு அன்றைக்கு மேடையில் எட்டுப் பேருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குழியை மூட ஒரு வண்டி மண் அடிக்கக் காசில்லை என்றவர்கள்தான் இவர்கள். இதைச் சொல்லாமல் என்னால் காயத்தைப் பற்றிப் பேச முடியாது.

அந்தக் காயத்துக்கு முன்பே ஆஸ்டன் வில்லாவிடம் 7-2 தோற்றபோது வான் டைக் ஆடினாரே என்பீர்கள். ஆமாம், ஆடினார். முன்னால் ஆடும் ஜோட்டாவும் காயம், கொரோனாவால் கேலரியும் காலி என்பீர்கள். அதையும் மறுக்கவில்லை. வான் டைக் சாதாரண ஆள் என்றும் நான் சொல்லவரவில்லை.

ஆனால் மார்ச்சில் ஃபபின்ஹோவை மறுபடி நடுவில் விட்ட பிறகு நடந்ததைப் பாருங்கள். கடைசி பத்து லீக் மேட்சில் 8 வெற்றி, 2 டிரா. 69 புள்ளியோடு மூன்றாம் இடம். முடிவில் பின்னால் நின்றவர்கள் நாட் பிலிப்ஸும் ரீஸ் வில்லியம்ஸும், சீசன் தொடங்கும்போது யார் கணக்கிலும் இல்லாத பையன்கள். எங்கள் பெஞ்சிலும் அப்படி ஒரு பையன் இருந்தான். அவனைப் பின்னால் போட்டுவிட்டு என்னை என் இடத்தில் விடுங்கள் என்று கோச்சிடம் இரண்டு தடவை கேட்டேன். கேட்கவில்லை.