வடக்கே ஊழியம், நோயாளிக்கு ஜெபம், மதமாற்றத் தடைச் சட்டம்: ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

மதமாற்றத் தடைச் சட்டங்களில் கைதாகிறவர்களுக்காக வாதாடுகிறேன். நானும் ஞாயிறுதோறும் ஆலயம் போகிறவன்தான். நடந்துகொண்டிருக்கும் வழக்குகளைப் பற்றி இங்கே கேட்க வேண்டாம். மற்றதைக் கேளுங்கள்.

கேள்வி (நாசரேத்): என் தம்பி உத்தரப் பிரதேசத்தில் ஊழியம் செய்கிறான். நோயாளி வீட்டில் போய் ஜெபித்தாலே கைது செய்யலாமா சார்?

ஜெபத்தைக் குற்றம் என்று அங்குள்ள 2021-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லவில்லை. கட்டாயப்படுத்தி, ஏமாற்றி, ஆசை காட்டி மதம் மாற்றுவதும் மாற்ற முயல்வதும்தான் குற்றம். சிக்கல் 'ஆசை காட்டுதல்' என்பதற்கு அது கொடுக்கும் விளக்கத்தில் இருக்கிறது. பரிசு, பணம், வேலை, மத அமைப்பு நடத்தும் பேர்பெற்ற பள்ளியில் இலவசப் படிப்பு, மேலான வாழ்க்கை, தெய்வக் கோபம் எல்லாமே அதற்குள் அடக்கம். "இயேசுவை ஏற்றுக்கொள், சுகமாவாய்" என்று உங்கள் தம்பி சொன்னால், புகார் எழுதுகிறவர் அந்த ஒரு வாக்கியத்தை இதில் எளிதாகப் பொருத்திவிடுவார். அப்படி நடக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்தான் விழும்.

முன்பு பாதிக்கப்பட்டவரோ அவருடைய உறவினரோதான் புகார் கொடுக்க முடியும். 2024 திருத்தத்துக்குப் பிறகு யாரும் கொடுக்கலாம். ஜாமீனும் கடினமாகிவிட்டது, சில குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேசத்தின் ஃபதேபூரில் இந்தச் சட்டத்தின்கீழ் பதிவான முதல் தகவல் அறிக்கைகளை ரத்து செய்தது பலருக்குத் தைரியம் கொடுத்திருக்கிறது. ஆனால் அதற்கான காரணங்களில் ஒன்று, பழைய விதிப்படி தகுதியில்லாத ஒருவர் புகார் கொடுத்திருந்தார் என்பது. திருத்தத்துக்குப் பிந்தைய வழக்குகளில் அந்த வாதம் எடுபடாது.

தம்பியிடம் சொல்லுங்கள்: வீட்டார் அழைத்தால் மட்டும் போகட்டும். கையில் அரிசி, துணி, பணம் எதுவும் கொண்டுபோக வேண்டாம். நோயாளியின் கட்டிலருகே ஞானஸ்நானப் பேச்சை எடுக்கவே வேண்டாம். மருந்தை நிறுத்தச் சொல்லும் வார்த்தை அவன் வாயிலிருந்து ஒருநாளும் வரக்கூடாது.

கேள்வி (மதுரை): மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சட்டமே தருகிறதே, பிறகு எப்படி இந்தச் சட்டங்கள் நிற்கின்றன?

1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னதால் நிற்கின்றன. உங்கள் மதக் கொள்கையை எடுத்துச் சொல்லலாம், அடுத்தவரை மதம் மாற்றும் உரிமை அதில் இல்லை என்றது அந்தத் தீர்ப்பு. ஒடிசாவின் 1967 சட்டமும் மத்தியப் பிரதேசத்தின் 1968 சட்டமும் அதில்தான் பிழைத்தன. கேட்கிறவன் தானாக மனம் மாறும் உரிமையை அந்தத் தீர்ப்பு போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது என் உறுதியான கருத்து. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இந்த உரிமையை ஆதரித்துப் பேசியவர்களில், பின்னாளில் மத்திய நிதியமைச்சரான டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். கிறிஸ்தவ நிறுவனங்களில் பதினான்கு ஆண்டுகள் படித்தேன், என்னை மாற்ற யாரும் முயலவில்லை என்று அவர் சபையிலேயே சொன்னார்.

கேள்வி: தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் உண்டா?

இல்லை. 2002-ல் வந்தது, 2004-ல் ஜெயலலிதா அரசே திரும்பப் பெற்றது.

கேள்வி: ஞானஸ்நானம் எடுத்தால் எஸ்.சி. சான்றிதழ் போய்விடுமா?

குடியரசுத் தலைவரின் 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே எஸ்.சி. உங்கள் ஆவணங்களோடு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். இங்கே சொல்லி முடிகிற விஷயமில்லை.

கேள்வி (திருச்சி): வடக்கே நோயாளிக்கு ஜெபிக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். அதே கேள்வி இன்னும் பலரிடமிருந்து வந்திருக்கிறது, எல்லோருக்கும் அதுதான் பதில்.

கேள்வி (ஒரு போதகர்): மருந்தை நிறுத்தச் சொல்லாதே என்கிறீர்கள். விசுவாசிக்கிறவன் மருந்தை விடுவது அவனுடைய சாட்சி. நீங்கள் சட்டத்துக்குப் பயந்து பேசுகிறீர்கள்.

ஐயா, சட்டமே இல்லாத ஊரிலும் இதையேதான் சொல்வேன். காசநோய் மாத்திரையை இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதும் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும். அது அவரோடு நிற்காது, வீட்டுப் பிள்ளைகளுக்கும் பரவும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களில் உயிர் போகும். மேடையில் சாட்சி சொன்னவர் அடுத்த மாதம் எப்படி இருக்கிறார் என்று எந்தக் கூட்டமாவது திரும்பிப் போய் விசாரிக்கிறதா?

அதே போதகர்: யாக்கோபு 5:14 எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறதே?

சொல்கிறது. மருந்தை எறியச் சொல்லவில்லை. லூக்காவை வைத்தியன் என்றுதான் பவுல் எழுதுகிறார்.

இன்னொருவர் (நாகர்கோவில்): கோயிலில் குறி சொல்கிறார்கள், தர்காவில் மந்திரிக்கிறார்கள். எங்களை மட்டும் ஏன் பிடிக்கிறார்கள்?

இது நியாயமான கேள்வி. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டம் எல்லா மதத்துக்கும் பொது. தாயத்து, மந்திரம், கவசம் என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. புற்றுநோய், நீரிழிவு, வலிப்பு உட்பட அட்டவணையில் உள்ள நோய்களை அற்புதத்தால் தீர்ப்பதாக விளம்பரம் செய்தால் முதல் முறை ஆறு மாதம் வரை சிறை. உங்கள் சுகமளிக்கும் கூட்டத்தின் சுவரொட்டியில் நோயின் பெயர் இருந்தால் எடுத்துவிடுங்கள். மந்திரச் சிகிச்சையைத் தடுக்க அசாம் 2024-ல் தனிச் சட்டம் போட்டது. அதன் தலைப்பில் மதமாற்றம் என்ற சொல்லே கிடையாது. ஆனால் மந்திரச் சிகிச்சை பழங்குடியினரை மாற்றப் பயன்படுகிறது என்று முதல்வரே பேசியதால், அது யாரைக் குறிவைக்கிறது என்று அங்குள்ள சபைகள் கேட்டதில் தப்பில்லை. நோயாளியைக் காப்பதுதான் நோக்கமென்றால் குறி சொல்கிறவருக்கும் போதகருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும்.

மறுபடி அதே போதகர்: அப்படியானால் அற்புதமே இல்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. சுகமானதை மருத்துவர் பரிசோதித்து, மருந்தை அவரே குறைக்கட்டும் என்கிறேன். இந்த வாதத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: வெளிநாட்டுப் போதகரைச் சுற்றுலா விசாவில் அழைத்துக் கூட்டம் நடத்தலாமா?

கூடாது. மிஷனரிகளுக்குத் தனி விசா உண்டு.

கேள்வி (தூத்துக்குடி): அண்ணனைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய்விட்டால் ஊரிலிருந்து நாங்கள் என்ன செய்வது?

கைது செய்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். எந்த நிலையம், எந்த நேரம் என்று உடனே குறித்துவையுங்கள். கைதுக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்த மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு காவலில் இருப்பவருக்கு இலவசமாக வழக்கறிஞர் தரும். ஜெபித்த நோயாளியின் வீட்டாரிடம், தாங்களே அழைத்தோம் என்று வாக்குமூலம் தர முடியுமா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். நாளாக ஆக அவர்கள்மேல் அழுத்தம் கூடும்.