எட்வர்ட் லியரின் அபத்தப் பாடல்களில் படங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஏனென்றால் பாட்டு பாதிக் கதையைத்தான் சொல்கிறது, மீதி அவரே வரைந்த படத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயரான லியர் தொழிலால் ஓவியர். இருபது வயதாகும் முன்பே கிளி ஓவியங்களை வெளியிடத் தொடங்கியவர். டெர்பி பிரபுவின் நோஸ்லி மாளிகைக்கு விலங்குகளை வரையப் போனவர், அந்த வீட்டுக் குழந்தைகளைச் சிரிக்க வைக்க இந்தப் பாடல்களை எழுதினார். 1846-இல் புத்தகமானபோது புனைபெயர்தான். சொந்தப் பெயர் 1861 பதிப்பில்தான் வந்தது.

வைட்ஹேவன் என்ற ஊர்க் கிழவர் பற்றிய பாட்டைப் பாருங்கள். அவர் ஓர் அண்டங்காக்கையோடு நடனமாடுகிறார். "இந்தப் பறவைக்கு இடம் கொடுப்பதா?" என்று ஊரார் அவரை அடித்து நொறுக்கிவிடுகிறார்கள். ஐந்தே வரி, அதற்குள் இவ்வளவு கொடூரம்! படத்தில் அடியும் இல்லை, ஊராரும் இல்லை. கிழவரும் காக்கையும் எதிரெதிரே நின்று ஜோராக ஆடுகிறார்கள். அவருடைய கோட்டின் பின்பகுதி காக்கையின் வால் மாதிரியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பறவை வரைந்து பழகிய கையல்லவா!

அந்தக் காலத்துக் குழந்தைப் பாடல்கள் பல புத்திமதியில்தான் முடியும். இங்கே அது கிடையாது. தண்டிப்பது ஊர், படமோ கிழவர் பக்கம். வரிகளை மட்டும் தனியே படித்தால் இது பிடிபடாது.