எலும்பு ஸ்கேனுக்கு முன்ன போடுற அந்த ஊசிய செய்றது யாரு?

அம்மாவுக்கு எலும்பு ஸ்கேன் எடுக்க முந்தி போட்ட ஊசில என்ன இருந்துச்சு, ஏ.எல்.ல கெமிஸ்ட்ரி செய்ற நான் அந்த ஆராய்ச்சிப் பக்கம் போகலாமான்னு ஹட்டன்ல இருந்து தங்கச்சி கேட்டிருக்காங்க.

அது பெரும்பாலும் டெக்னீசியம்-99எம், கதிர்வீச்சு விடுற ஒரு மூலகம், அந்தக் கதிரத்தான் ஸ்கேன் மெஷின் புடிக்குது. 6 மணித்தியாலத்துல பாதியாகிரும், அதனால வாங்கி ஸ்டோர்ல வைக்க ஏலாது. டெக்னீசியமா மாறிக்கிட்டே இருக்கிற மொலிப்டினம்-99 உள்ள ஜெனரேட்டர்ங்கிற பெட்டிய வச்சிக்கிட்டு தேவைக்கு உப்புத்தண்ணிய உள்ள விட்டா டெக்னீசியம் மட்டும் கழுவிக்கிட்டு வரும், லெப்காரங்களே இத பால் கறக்கிறதுன்னுதான் சொல்லுவாங்க. ஆனா அது சும்மா எலும்புக்குப் போகாது, எலும்புல ஒட்டுற பொஸ்பனேட் ஒண்ணோட சேக்கணும். இந்த சேக்கிற வேலைதான் கெமிஸ்ட்டோடது, எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதியும் இதான்.

இப்படி வேலை செஞ்ச கெமிஸ்ட்டுக்கு ஒரு உதாரணம், ஜோஅன்னா ஃபவுலர்ன்னு அமெரிக்காவுல ஒருத்தங்க, ஓர்கானிக் கெமிஸ்ட். ப்ரூக்ஹேவன் லெப்ல அவங்க இருந்த டீம், இதே மாதிரி கதிர்வீச்சு விடுற ஃப்ளோரின்-18 சேத்த குளுக்கோஸ் செஞ்சாங்க, அதுக்கு பாதி ஆயுள் 110 நிமிஷம்தான், 1976ல அத செஞ்ச கையோட ஃப்ளைட்ல பிலடெல்பியாவுக்கு அனுப்பித்தான் மொத மொத மனுசருக்குப் போட்டாங்க. இன்னைக்கு கேன்சருக்கு எடுக்கிற பெட் (PET) ஸ்கேன்ல அதிகமா போடுறது அதேதான். பொறகு மூளைப்பக்கம் போனாங்க, சிகரெட் குடிக்கிறவங்க மூளைல டோபமின் மாதிரி ரசாயனங்கள உடைக்கிற எம்.ஏ.ஓ.-பி என்சைம் 40% அளவு கொறவுன்னு 1996ல காட்டுனாங்க.

டொக்டர் ஆகாமலே இவ்வளவும். நீங்க கெமிஸ்ட்ரிய, முக்கியமா ஓர்கானிக்க, விடாம புடிங்க. பேராதனை கெம்பஸ் மெடிக்கல் ஃபெகல்டிலயே நியூக்ளியர் மெடிசின் யூனிட் இருக்கு, ஒருக்கா போய் விசாரிச்சுப் பாருங்க.