21 நாள் சவாலில் பணம் கட்டிச் சேரலாமா?

கேள்வி: வயது 47. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு எடுக்கிறேன். 21 நாள் நடந்தால் பழக்கமாகிவிடும் என்றார்கள். பல தடவை ஆரம்பித்தேன், ஒரு நாள் தவறியதும் விட்டுப்போகிறது. இப்போது ஒரு வாட்ஸ்அப் குழுவில் 3,500 ரூபாய் கட்டினால் 21 நாளில் மாத்திரையே வேண்டாம் என்கிறார்கள். சேரலாமா?

பதில்: சேராதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் எந்தக் குழுவிலும் சேராதீர்கள்.

அந்த 21 நாள் கணக்கு, 1960-ல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர், ஆபரேஷனுக்குப் பிறகு புது முகம் நோயாளிக்குப் பழக ஆகும் காலம் என்று எழுதியதிலிருந்து கிளம்பியது. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்தபோது, ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை போனது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெடவில்லை என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். நீங்கள் தவறியது தப்பில்லை, மறுநாள் போகாததுதான் தப்பு.

இரண்டு வாரத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை 10 நிமிடம், அவ்வளவுதான். காலண்டரில் ஒரு டிக். இரண்டு வாரம் முடிந்ததும் 5 நிமிடம் கூட்டி இன்னொரு இரண்டு வாரம். வாரம் 150 நிமிடத்தை மெதுவாக எட்டினால் போதும்.

இந்த 'கோச்'கள் முதல் வாரமே மூன்று கிலோ குறைந்த போட்டோவைப் போடுவார்கள். சோற்றைத் திடீரென நிறுத்தினால் முதலில் இறங்குவது பெரும்பாலும் தண்ணீர்தான். அப்புறம் பவுடர் டப்பா வரும். பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள், மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் ஒரு பொடி) என்று முதல் இரண்டு மூன்று பெயருக்குள் இருந்தால் அதுவே சர்க்கரையை ஏற்றும்.

உங்களுக்கென்று முக்கியமாக ஒன்று. கிளிமிபிரைடு சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய மாத்திரை, இன்சுலினும் அப்படித்தான். அதைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது, சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. சஷ்டி விரதமோ வேறு விரதமோ, இருப்பதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். கை நடுங்கி, வியர்த்து, படபடவென்று வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்தும் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. இனிப்பை விட்டுவிட்டேன், சபதம் எடுத்திருக்கிறேன் என்று அந்த நேரத்தில் தயங்கினால் மயங்கி விழுவீர்கள். சபதம் அப்போது செல்லாது.

இதையெல்லாம் மாத்திரை எழுதிய அன்றே சொல்லியிருக்க வேண்டும். நம் ஓ.பி.யில் ஒருவருக்கு இரண்டு நிமிடம், அதில் "நல்லா நடங்க" என்பதோடு அடுத்த டோக்கன். அந்த இடைவெளியில்தான் பவுடர் விற்பவன் நுழைகிறான், எரிச்சலாக வருகிறது.

நாளைக்கே மருந்துச் சீட்டோடு போய், நடக்க ஆரம்பித்தால் கிளிமிபிரைடு அளவு இதேதானா என்று கேளுங்கள். பதில் சொல்லும்வரை எழுந்திருக்காதீர்கள். இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட்டை மூன்று மாதம் கழித்து எடுங்கள், 21-ம் நாள் எடுப்பது காசுக்குக் கேடு.