மெடிக்கல் பிசிக்ஸ் படிக்கட்டுமா? ஒரு அப்பாவுக்குப் பதில்

வணக்கம் சார்.

பி.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகும் உங்கள் மகள் மெடிக்கல் பிசிக்ஸ், அதாவது மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குக் கணக்குப் போடும் இயற்பியல், படிக்கிறேன் என்கிறாள். உங்களுக்கோ இரண்டு பயம்: கதிர்வீச்சு உடம்புக்கு ஆகுமா, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே செய்துவிட்டால் இவளுக்கு என்ன வேலை? இரண்டாவதுதான் நல்ல கேள்வி. முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

உடலுக்குள்ளேயே கதிர்வீச்சு தரும் பிராக்கிதெரபியை எடுத்துக்கொள்வோம். அரிசி மணியைவிடச் சிறிய இரிடியம்-192 என்ற கதிர்வீசும் உலோகத் துண்டு, ஒரு கம்பியின் நுனியில் இருக்கும். எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகு மெஷின்தான் அதை நோயாளியின் உடலில் பொருத்திய குழாய்க்குள் அனுப்பி, திரும்ப இழுத்துக்கொள்ளும். ஊழியர் சட்டையில் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் இருக்கும், வாங்கிய கதிர்வீச்சுக்குக் கணக்கு உண்டு. அவ்வளவுதான்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். கருப்பை வாய்ப் புற்றுநோய் உள்ள ஒரு அம்மாவுக்குக் குழாய் பொருத்தி, ஸ்கேன் எடுத்தாயிற்று. திட்டம் தயாராகும்வரை அவர் குழாயோடு காத்திருக்க வேண்டும். கதிர்மூலம், அதாவது அந்த இரிடியம், குழாயில் சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை நின்று நின்று போகும். எந்த இடத்தில் எத்தனை விநாடி? திட்டம் என்பது இதுதான். முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். 1 செ.மீ. தூரத்தில் இருக்கும் கதிர்வீச்சு அளவு, 2 செ.மீ.யில் ஏறக்குறைய கால்பங்காகிவிடும். ஓரிடத்தில் 5 விநாடி கூட்டினால் கட்டிக்கு நல்லது, மலக்குடலுக்குக் கெடுதல்.

அடிப்படையில் இது உங்கள் மகள் படித்த நேரியல் சமன்பாடுதான். ஆனால் 'மலக்குடலில் அதிகம் வாங்கும் 2 கன செ.மீ. இந்த அளவைத் தாண்டக் கூடாது' என்று நிபந்தனை போட்டதும் கணக்கு முரண்டுபிடிக்கும். மலக்குடலில் குறித்த ஆயிரக்கணக்கான புள்ளிகளில் எவை தாண்டலாம், எவை கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை முடிவு வேண்டும். எல்லாச் சேர்க்கையையும் போட்டுப் பார்க்க ஆயுசு போதாது. அதனால்தான் வேகமான கணக்கீட்டு முறைகளுக்கு இவ்வளவு மவுசு. புராஸ்டேட் சுரப்பியில் கதிர்விதை (கதிர்வீசும் சின்னத் துண்டு) ஊன்றுவதும் இதே ரகம்தான்: இந்த இடத்தில் விதை உண்டா, இல்லையா. ஆபரேஷன் தியேட்டரிலேயே திட்டம் போடும் அளவுக்கு அதை வேகப்படுத்தியதற்காக நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்துக்கு 2007இல் எடெல்மன் பரிசு கிடைத்தது. அது மருத்துவப் பரிசு அல்ல, கணக்குக்காரர்கள் தரும் பரிசு!

சரி, கம்ப்யூட்டர் விநாடிகளில் விடை தந்துவிடுகிறது. எண்கள் எல்லாம் பாஸ். ஆனால் ஒரே இடத்தில் கதிர்மூலத்தை நெடுநேரம் நிறுத்தியிருக்கும். பார்த்ததும் 'இது வேண்டாம்' என்று சொல்ல ஆள் வேண்டும். ஸ்கேனுக்குப் பிறகு குழாய் நகர்ந்தது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இரிடியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் வீரியம் பாதியாகும் காலம், சுமார் 74 நாள். இன்று 10 விநாடி என்றால் ஒரு மாதம் கழித்து 13 விநாடி ஆக வேண்டும். அது சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுபவர்தான் மெடிக்கல் பிசிசிஸ்ட்.

படிப்புக்கு அண்ணா பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம், வேலூர் சி.எம்.சி. இருக்கின்றன. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு மும்பையில் பி.ஏ.ஆர்.சி.யின் (பாபா அணு ஆராய்ச்சி மையம்) ஓராண்டு டிப்ளமோவும் படிக்கலாம். எங்கே சேர்ந்தாலும் 12 மாத இன்டர்ன்ஷிப் எந்த மருத்துவமனையில் என்று முதலில் கேளுங்கள். அதைக் கேட்காமல் ஒரு கல்லூரியில் சேர்ந்த பையன், பட்டம் வாங்கிய பிறகு இடம் தேடி அலைந்து என்னிடம் வந்தான். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தகுதிக்கு அந்த ஓராண்டு கட்டாயம். ஆரம்பச் சம்பளத்தை ஐ.டி.யோடு ஒப்பிடாதீர்கள்.

விண்ணப்பம் போடும் முன் ஒரு சின்னச் சோதனை. 5 நிறுத்தம், 10 புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியும் வேண்டிய அளவை முடிந்தவரை நெருங்க ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை விநாடி என்று பைத்தானில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு நிறுத்தத்துக்கு மைனஸ் 3 விநாடி என்று, நடக்கவே முடியாத விடை வந்து நிற்கும். அதைப் பார்த்துச் சலித்துக்கொண்டால் பி.எட். பற்றிப் பேசலாம். சாப்பிடக் கூப்பிட்டும் வராமல் அதோடு மல்லுக்கட்டினால், விண்ணப்பத்தை வாங்கிவிடுங்கள்.